1/72 யு-படகுக்கு ஹோஹன்ட்வீல் ரேடார் கம்பம்: பித்தளையில் படிப்படியாக

யு-படகு என்பது உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கி. அதில் டைப் VIIC வகையின் மாதிரியைக் கட்டி முடித்தவர்கள் அடுத்துக் கை வைக்க விரும்புவது பெரும்பாலும் கோபுரத்தில்தான். அங்கே கண் முதலில் போய் நிற்கும் பொருள், இடது பக்கத்திலிருந்து எழும் ரேடார் ஆன்டெனா. கிட்டில் வரும் பிளாஸ்டிக் துண்டு தடிமனாக இருக்கும். வலை இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட பலகை இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்வது மூன்று நாள் மாலை வேலை. சாலிடரிங் அயர்னைப் பிடித்துப் பழகிய யாரும் செய்யலாம்.

எதைச் செய்கிறோம்

ஃபூமோ 61 ஹோஹன்ட்வீல். லோரென்ஸ் நிறுவனம் விமானங்களுக்காகச் செய்த ஃபூக் 200 ரேடாரின் கடற்படை வடிவம் இது. தெற்கு ஜெர்மனியில் உள்ள ஒரு பழைய எரிமலைக் குன்றின் பெயரை வைத்தார்கள். யு-படகுகளில் 1944-ல்தான் வந்தது. ஆகவே 1941-ல் அட்லாண்டிக்கில் திரிந்த படகின் மாதிரியில் இதை நட்டால் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தப்புதான். பின்னால் வந்த உள்வகையான VIIC/41 மாதிரிக்கோ, கடைசிக் காலத்து VIIC மாதிரிக்கோ பொருந்தும்.

ஆன்டெனா ஒரு மெத்தை போன்ற செவ்வகம்: 1.4 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். சட்டம், அதில் பின்னணியாக வலை, வலைக்கு முன்னால் வரிசைக்கு 6 வீதம் 4 வரிசையில் டைபோல்கள் (ரேடியோ அலையை அனுப்பி வாங்கும் சிறு கம்பிகள்), ஆக மொத்தம் 24. அலைவரிசை 556 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 54 செ.மீ. கம்பத்தைக் கையால்தான் திருப்புவார்கள். படகு முங்கும்போது சட்டத்தை முன்பின்னாகத் திருப்பி, கோபுரத்தின் இடப்பக்கச் சுவரிலுள்ள ஒடுங்கிய பொந்துக்குள் இறக்கிவிடுவார்கள்.

இந்தக் கடைசி விவரத்தை வைத்து முதலிலேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். ஆன்டெனாவை இறக்கிய நிலையில் காட்டப் போகிறீர்கள் என்றால் மேல் விளிம்பு மட்டும்தான் தெரியும். இந்த வேலை முழுவதும் வீண். ஏற்றிய நிலையில் காட்டுவதாக இருந்தால் மேலே படியுங்கள்.

அளவு எடுப்பது

1/72-ல் சட்டத்தின் வெளி அளவு 19.4 × 13.9 மி.மீ. 1/48-ல் கட்டுபவர்கள் இந்தக் கட்டுரையில் வரும் மாதிரி அளவுகள் எல்லாவற்றையும் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், 72-ஐ 48-ஆல் வகுத்தால் அதுதான் வரும்.

மற்ற அளவுகளைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆன்டெனாவை நேருக்கு நேர் பார்த்து எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கள். சாய்வாக எடுத்த படம் உதவாது, அகலம் சுருங்கித் தெரியும். படத்தில் சட்டத்தின் அகலத்தையும் கம்பத்தின் தடிமனையும் ஸ்கேலால் அளந்து விகிதம் போடுங்கள். உதாரணத்துக்கு, படத்தில் சட்டம் 42 மி.மீ., கம்பம் 3 மி.மீ. என்றால் 3 ÷ 42 × 19.4 = 1.39. அப்படியானால் 1.4 மி.மீ. பித்தளைக் குழாய். கம்பத்தின் உயரம், பின்பக்க முட்டுகள், டைபோல்கள் கிடையாக நிற்கின்றனவா நெட்டாக நிற்கின்றனவா என்பது எல்லாமே இப்படித்தான். வரைபடத்துக்கும் புகைப்படத்துக்கும் சண்டை வந்தால் புகைப்படத்தின் பக்கம் நில்லுங்கள்.

கீல் நகருக்கு அருகே லாபோவில் கரையேற்றி வைத்திருக்கும் யு-995 தான் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே டைப் VII. அதன் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் படகு போருக்குப் பிறகு நார்வே கடற்படையில் 'கௌரா' என்ற பெயரில் ஓடியது. ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகுதான் போர்க்காலத் தோற்றத்துக்கு மாற்றினார்கள். எனவே அங்கே பார்ப்பதையெல்லாம் 1944-ன் சாட்சியாக எடுக்க வேண்டாம். போர்க்காலப் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

வாங்க வேண்டியவை

- 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி, 20 செ.மீ. (சட்டம்)
- 0.3 மி.மீ. கம்பி, சுமார் 50 செ.மீ. (குறுக்குக் கம்பிகள், டைபோல்களைத் தாங்கும் 24 கால்கள்). பழைய 14/0.3 வீட்டு வயரை உரித்தால் உள்ளே 14 இழையும் இதே தடிமன்தான், செம்பு. காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்.
- 0.2 மி.மீ. கம்பி, 20 செ.மீ. (டைபோல்கள்)
- படத்தில் கணக்கிட்ட தடிமனில் பித்தளைக் குழாய், 10 செ.மீ.; அது உள்ளே நழுவும் அளவில் இன்னொரு குழாய், 3 செ.மீ.
- மெல்லிய எவர்சில்வர் டீ வடிகட்டி ஒன்று
- 2 மி.மீ. ஹைலம் ஷீட் (சூடு தாங்கும் கெட்டித் தகடு), உள்ளங்கை அளவு
- ஈயமில்லா சாலிடர் (வெள்ளீயம் 99.3, செம்பு 0.7), ரோஸின் ஃபிளக்ஸ்
- 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சாலிடர் பேஸ்ட், சிறிய சிரிஞ்சில் வரும்
- 40 வாட் அயர்ன், கூர் முனை, 0.4 மி.மீ. டிரில் பிட் 3 (ஒன்றாவது நிச்சயம் உடையும்), பின் வைஸ் (பிட்டைக் கவ்விக் கையால் திருகும் கருவி), காலிப்பர், கூரான கட்டர், நைஸ் உப்புத்தாள்

டீ வடிகட்டி ஏன் என்று கேட்பீர்கள். பித்தளை வலை கடையில் கிடைக்கும்தான். ஆனால் அதன் அருகில் சாலிடர் வைத்தால், திரி எண்ணெயைக் குடிப்பதுபோல வலை சாலிடரைக் குடித்து, கண்கள் அத்தனையும் அடைத்துவிடும். எவர்சில்வரில் ரோஸின் ஃபிளக்ஸோடு சாலிடர் ஒட்டவே ஒட்டாது. மற்ற இடங்களில் தொல்லையாக இருக்கும் இந்தக் குணம் இங்கே வரம். இதே காரணத்துக்காக, துத்தநாகக் குளோரைடு கலந்த ஆசிட் ஃபிளக்ஸை இந்த வேலையின் பக்கமே கொண்டுவராதீர்கள். எவர்சில்வரிலும் சாலிடர் பிடித்துவிடும். சரியாகக் கழுவாவிட்டால் சில வாரம் கழித்துப் பெயின்ட்டுக்கு அடியில் பச்சையாகப் பூக்கும்.

வடிகட்டி வாங்கும்போது வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு செ.மீ.க்கு 15 கண் அளவில் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் கொசுவலை போலத் தெரியும். கிண்ண வடிவத்தின் அடிப்பகுதிதான் ஓரளவு தட்டையாக இருக்கும்; அங்கிருந்து வெட்டுங்கள்.

வெப்பத்தின் வரிசை

கருவியை எடுக்கும் முன் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கம்பம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பொருளில் 60-க்கு மேற்பட்ட இணைப்புகள். ஒன்றைச் சூடாக்கினால் பக்கத்தில் வைத்தது இளகும். அதனால் தடிமனான, அதிகச் சூடு கேட்கும் இணைப்புகளை முதலில் 227 டிகிரியில் உருகும் ஈயமில்லா சாலிடரில் முடித்துவிட வேண்டும். கடைசியில் வரும் நுண்ணிய டைபோல்களுக்கு 138 டிகிரி பேஸ்ட். இடையில் 89 டிகிரி இடைவெளி இருப்பதால் முன்னால் செய்தது அசையாது.

வீட்டில் இருக்கும் சாதாரண 60/40 சாலிடரில் (வெள்ளீயம் 60, ஈயம் 40) சட்டத்தைச் செய்துவிட்டு மேலே பிஸ்மத் பேஸ்ட் வைக்கக் கூடாது. ஈயமும் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்தால் 100 டிகிரிக்குள்ளேயே உருகும் கலவை உண்டாகும். இணைப்பு பொரபொரவென்று உதிரும். 60/40 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் கடைசி டைபோல்களைச் சாலிடர் செய்யாமல் நீர்போன்ற சூப்பர் குளூவில் ஒட்டிவிடுங்கள். பலம் குறைவு, ஆனால் நிற்கும்.

சட்டம்

ஹைலத்தில் 18.4 × 12.9 மி.மீ. அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அரத்தால் விளிம்புகளை நேராக்குங்கள். சட்டத்தின் உள் அளவு அது, இருபுறமும் 0.5 மி.மீ. கம்பி சேர்ந்தால் 19.4 × 13.9 வந்துவிடும். காலிப்பரில் 0.1 மி.மீ. கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, ஆனால் மூலைகள் 90 டிகிரியில் இருந்தே ஆக வேண்டும்.

பித்தளைக் கம்பியை மெழுகுவத்தியில் காட்டாதீர்கள், கரி படியும். கேஸ் லைட்டர் சுடரில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி ஆறவிடுங்கள். வில் போன்ற விறைப்பு போய்விடும், சொன்னபடி வளையும். துண்டைச் சுற்றி இறுக்கமாக வளையுங்கள். இரு முனைகளும் சந்திக்கும் இடம் கீழ்ப்பக்கத்தின் நடுவில் வரட்டும். அங்கேதான் கம்பம் பின்னால் வந்து மறைக்கப் போகிறது. மூலையில் இணைத்தால் பெயின்ட் அடித்த பிறகும் கட்டி தெரியும்.

துண்டிலிருந்து கழற்றாமலே இணைப்பைச் சாலிடர் செய்யுங்கள். ஹைலம் சூட்டைத் தாங்கும். ஸ்டைரீன் ஷீட்டில் இந்த அச்சைச் செய்ய ஆசைப்பட்டால், முதல் தொடுதலிலேயே உருகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும்.

கழற்றிய பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 23.9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். 0.2 மி.மீ. வித்தியாசம் இருந்தால் இப்போதே நெளிவை எடுங்கள். பின்னால் எடுக்க முடியாது.

குறுக்குக் கம்பிகளும் கம்பமும்

வயரிலிருந்து உரித்த செம்பு இழை கோணல்மாணலாக இருக்கும். ஒரு முனையை வைஸில் கவ்வி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒரு கட்டத்தில் கை லேசாக 'விட்டுக்கொடுக்கும்'. அவ்வளவுதான், இழை ஊசிபோல நேராகிவிடும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும்.

கிராஃப் தாளில் சட்டத்தை வரைந்து, மேல் விளிம்பிலிருந்து 1.7, 5.2, 8.7, 12.2 மி.மீ. தூரத்தில் நான்கு கிடைக்கோடுகள் போடுங்கள். தாளை ஹைலத்தில் ஒட்டி, அதன் மேல் சட்டத்தை முகம் கீழாக வைத்து டேப்பால் அழுத்துங்கள். நான்கு இழைகளையும் கோட்டின் மேல் வைத்து, சட்டத்தின் பின்பக்கத்தில் முனைகளைச் சாலிடர் செய்யுங்கள். ஒரு கம்பியின் இரு முனைகளையும் அடுத்தடுத்துச் செய்தால் ஒரே பக்கம் சூடேறிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது என்று தாவித் தாவிச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு நொடி.

அடுத்து கம்பம். குழாயின் மேல்பகுதி நான்கு குறுக்குக் கம்பிகளின் மேலும் படியும்படி நடுவில் நெட்டாக வையுங்கள். நான்கு தொடும் புள்ளிகள், கீழே சட்டத்தோடு ஐந்தாவது. குழாய்க்குச் சூடு நிறைய வேண்டும். அயர்ன் முனையைக் குழாயில் வைத்து, அது சூடேறிய பிறகு சாலிடரைத் தொடுங்கள். இழையில் முனையை வைத்தால் இழை மட்டும் சிவந்து, குழாயில் சாலிடர் உருண்டையாக நிற்கும், ஒட்டாது. ஓரத்தில் செய்த எட்டு இணைப்புகளின் மேலும் ஈர டிஷ்யூத் துண்டுகளை வைத்துவிட்டால் அவை இளகாது. சாலிடர் ஓடக் கூடாத இடத்தில் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்துவிடுங்கள், அங்கே பிடிக்காது.

கம்பம் நேராக நிற்கிறதா என்று கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். கிராஃப் தாளின் கோட்டோடு குழாயின் முழு நீளமும் ஒத்துப்போக வேண்டும். மேலே அரை மி.மீ. சாய்வு என்பது கோபுரத்தில் நட்டபின் பெரிஸ்கோப்புக்குப் பக்கத்தில் குடிகாரன்போலத் தெரியும்.

வலையும் 24 கால்களும்

வலையை 18.3 × 12.8 மி.மீ.க்கு வெட்டுங்கள். வெட்டும் முன் இருபுறமும் செலோடேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டினால் ஓர இழைகள் பிரியாது. பிறகு தின்னரில் ஊறவைத்து டேப்பை எடுத்துவிடலாம். கண்கள் சட்டத்தின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். சட்டத்தின் முன்பக்கமாக உள்ளே இறக்கினால், குறுக்குக் கம்பிகளின் மேல் வந்து உட்காரும். வெட்டிய ஓரம் 0.5 மி.மீ. சட்டத்துக்குள் மறைந்துவிடும்.

கால்களுக்கு ஒரு துளைப் பலகை தேவை. டைபோல்கள் பொதுவாக எதிரொலிக்கும் வலைக்கு முன்னால் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கும்: 13.5 செ.மீ., 1/72-ல் 1.9 மி.மீ. கையிலிருக்கும் 2 மி.மீ. ஹைலம் அதற்கு நெருக்கம். அதில் இன்னொரு கிராஃப் தாளை ஒட்டி, இடது விளிம்பிலிருந்து 1.6, 4.8, 8.1, 11.3, 14.5, 17.8 மி.மீ. தூரத்தில் நெட்டுக்கோடுகள் போடுங்கள். கிடைக்கோடுகள் முன்பு போட்ட நான்குதான், ஆனால் ஒவ்வொன்றையும் 0.3 மி.மீ. கீழே தள்ளுங்கள். காலும் குறுக்குக் கம்பியும் தலா 0.3 மி.மீ. தடிமன் என்பதால், அவ்வளவு தள்ளினால்தான் கால் கம்பியின் பக்கவாட்டில் உரசி நிற்கும்.

24 துளைகளையும் பின் வைஸில் 0.4 பிட்டை வைத்துக் கையால் போடுங்கள். முதலில் ஊசியால் குழி குத்தாவிட்டால் பிட் வழுக்கும். பலகையைக் கண்ணாடியின் மேல் வைத்து, ஒவ்வொரு துளையிலும் 5 மி.மீ. நீளச் செம்பு இழையைக் கண்ணாடியைத் தொடும்வரை இறக்குங்கள். இப்போது முள்ளம்பன்றி போல 24 முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் சட்டத்தை முகம் கீழாக இறக்க வேண்டும். ஒரேயடியாக இறங்காது. ஒரு ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக, வலைக்கண்ணை ஊசியால் விலக்கிவிட்டுக்கொண்டே இறக்குங்கள். அரை மணி நேரம் ஆகும். இந்த வேலையில் பொறுமை கேட்கும் ஒரே இடம் இதுதான்.

பலகையோடு படிந்ததும், கால் குறுக்குக் கம்பியைத் தொடும் இடத்தில் துளி ஃபிளக்ஸ், முனையில் கடுகில் பாதி சாலிடர், ஒரு தொடுதல். 24 முறை. முன்பு சொன்னதுபோலத் தாவித் தாவி. பின்பக்கம் நீட்டும் மிச்சத்தைக் கட்டரால் நறுக்கி அரத்தால் சமமாக்கிவிட்டு, பலகையிலிருந்து மேலே தூக்குங்கள். எல்லாக் கால்களும் ஒரே உயரத்தில் நிற்கும். கண்ணாடி கீழே இருந்ததற்கு அதுதான் பலன். தாளின் மேல் வைத்துச் செய்திருந்தால் சில கால்கள் தாளில் குத்தி நீண்டிருக்கும்.

டைபோல்கள்

24 துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி ஒவ்வொரு கால் மேலும் ஒட்டப் பார்ப்பவர்கள் ஆறாவது துண்டில் கைவிட்டுவிடுவார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வரிசை பல்வரிசைபோலக் கோணும். முழு நீளக் கம்பியாக வைத்துவிட்டுப் பிறகு வெட்டுவதே வழி.

உங்கள் படத்தில் டைபோல்கள் கிடையாகத் தெரிந்தால் 0.2 மி.மீ. கம்பி நான்கை, ஒவ்வொன்றும் ஆறு கால்களின் நுனியில் படியும்படி வையுங்கள். நெட்டாகத் தெரிந்தால் ஆறு கம்பி, ஒவ்வொன்றும் நான்கு கால்களின் மேல். இரு பக்கமும் டேப்பால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நுனியிலும் ஊசிமுனையளவு பிஸ்மத் பேஸ்ட் வைத்து, அயர்னை 180 டிகிரிக்கு இறக்கித் தொடுங்கள். வெப்பத்தைக் குறைக்கும் வசதி இல்லாத அயர்ன் என்றால் அரை நொடிக்கு மேல் தொடக் கூடாது.

ஆறியதும் காலுக்கும் காலுக்கும் நடுவில் 0.4 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். கிடைவரிசையில் ஒவ்வொரு டைபோலும் சுமார் 2.8 மி.மீ. வரும். அரை அலைநீளக் கணக்குப்படி 3.75 வர வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். அந்த நீளத்தில் ஆறு வைத்தால் 22.5 மி.மீ.; சட்டம் 19.4 மட்டுமே. கூரான, ஒரு பக்கம் தட்டையான கட்டர்தான் வேண்டும். மழுங்கிய கட்டர் கம்பியை வெட்டுவதற்கு முன் நசுக்கித் தள்ளும், அந்தத் தள்ளலில் பேஸ்ட் இணைப்பு விட்டுப்போகும். இரண்டு மூன்று விட்டுப்போவது சகஜம். சூப்பர் குளூவில் ஒட்டிவிட்டு மேலே போங்கள்.

சுத்தம், பெயின்ட்

ரோஸின் மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கறுத்த பித்தளைக்கு வீட்டுப் பாத்திரத்துக்குப் போடும் புளித்தண்ணீரே போதும்: இரண்டு நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். புளியின் அமிலம் தங்கினால் அதுவும் பச்சை பூக்கும். கழுவிய பிறகு கம்பத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும்.

உலோகத்துக்கான பிரைமர் கட்டாயம். பிளாஸ்டிக்குக்கு அடிக்கும் பிரைமர் எவர்சில்வர் வலையிலிருந்து நகம் பட்டாலே சுருண்டு வரும். வலை அடைபடாமல் அடிப்பதற்கு, ஏர்பிரஷ்ஷை நேராகப் பிடிக்காமல் 45 டிகிரி சாய்வில், நான்கு திசையிலிருந்தும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ஸ்பிரே கேன் என்றால் 30 செ.மீ. தள்ளி நின்று, ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு உறிஞ்சுகுழலால் பின்பக்கமிருந்து ஊதிவிடுங்கள். கண் அடைத்துக் காய்ந்துவிட்டால் ஊசியால் குத்தி எடுப்பதைவிட, முழுவதையும் தின்னரில் போட்டு மறுபடி தொடங்குவது சீக்கிரம் முடியும்.

நிறம் கோபுரத்துக்கு அடித்த அதே சாம்பல். துரு வழிவதெல்லாம் இங்கே வேண்டாம். வலையில் கறுப்பு வாஷ் (நீராக்கிய பெயின்ட்) ஒரு தடவை, மிக நீர்த்து. டைபோல்களின் மேல் வெளிர் சாம்பலில் டிரை பிரஷ் (பெயின்ட்டைத் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் லேசாகத் தடவுவது) ஒரு தடவை.

நடுவது

இரண்டாவது குழாயைப் பொந்தின் உள்ளே செங்குத்தாக எப்பாக்ஸியில் பதித்துவிட்டால் கம்பம் அதற்குள் நழுவி நிற்கும், திருப்பவும் செய்யலாம். இரண்டு குழாய்களுக்கும் இடையே 0.1 மி.மீ. இடைவெளி போதும், அதற்கு மேல் இருந்தால் கம்பம் ஆடும். உள்ளே போகும் பகுதிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். எப்பாக்ஸி காயும்வரை கம்பத்தைக் குழாயில் செருகியே வைத்து, பெரிஸ்கோப்போடு இணையாக இருக்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். கம்பத்தின் அடியில் துளி வாசலைன் தடவிவிட்டால் அதில் எப்பாக்ஸி பிடிக்காது. சட்டத்தை முன்பின்னாகத் திருப்பிப் பொந்துக்கு நேராக ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஓரம் இடித்தால் பொந்தின் உள்சுவரைத்தான் சுரண்ட வேண்டும், ஆன்டெனாவை நெளிக்கக் கூடாது. கிட்டின் பிளாஸ்டிக் சுவர் அளவுக்கு மீறித் தடிமன் என்பதால் அங்கே அரை மி.மீ. எடுத்தாலும் வெளியே தெரியாது.